ஆரணியின் பிறந்தநாளுக்கு அடுப்பு மூட்டுவது பற்றி

தம்பி,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னோடு போனில் கதைப்பதென்றால் நான் நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்ல வாய்ப்பதில்லை. "சரி அம்மா, சரி அம்மா" என்பாய். அந்தச் சரியிலேயே நீ வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு விளங்கிவிடும். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. அதனால்தான் ஆரணி போன முறை விட்டுவிட்டுப் போன சித்திரக் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். என் எழுத்து இப்போதெல்லாம் கோட்டில் நிற்பதில்லை, கண்ணும் பழைய கண் இல்லை, பொறுத்துக்கொள். அப்பா நாளைக்கு உரும்பிராய்க்கு வரும்போது நண்டோடு சேர்த்து இதையும் கொண்டுவருவார். முதலில் நண்டைக் கௌரியிடம் கொடு. பிறகு ஆறுதலாக இருந்து வாசி.

என் பேத்தி ஆரணிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வயது. மண்டபம் வேண்டாம், வேஷம் போட்டுக்கொண்டு வந்து குதிக்கிற ஆட்கள் வேண்டாம், மயிலிட்டியில் திரும்பக் கிடைத்த எங்கள் வளவிலேயே வெளியில் வைப்போம் என்று நீ சொன்னபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்துபோயிற்று. வகுப்புப் பிள்ளைகளை வாடகை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். செலவு கையைக் கடிக்கக் கூடாது, பிள்ளைகள் தங்கள் கையால் ஏதாவது செய்ய வேண்டும், போகும்போது அதையே கொண்டுபோக வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டாய். நான் அப்போதே மனதுக்குள் முற்றம் கூட்டத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் கடைசியில், போனை வைக்கப் போகிறவனைப் போல, அந்த வசனத்தைச் சொன்னாய். "நீங்கள் ஒண்டும் சமைக்கவேண்டாம் அம்மா. உங்களுக்குக் கஸ்டம். நான் பெட்டிச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாறன்." நான் ஓம் என்றேன். ஓம் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அந்த ஓமைத் திருப்பி எடுக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்காததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயது கொஞ்சம் சங்கடமான வயது. கடதாசித் தொப்பி போடச் சொன்னால் வெட்கம் வரும். கதிரையில் இருத்தினால் போனை எடுத்துவிடும். "விளையாடுங்கோ" என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் கைக்கு ஒரு வேலையைக் கொடுத்து, நிழலில் வட்டமாக நிலத்தில் இருக்க விட்டால், கொஞ்ச நேரத்தில் வாய் தானாகத் திறக்கும். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு கதைக்கலாம் பார், அதுதான் அந்த வயதுக்கு வசதி. நீயும் அப்படித்தான் இருந்தாய். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன்னைக் கட்டின கௌரி சொல்கிறாள்.

சோளகக் காற்றுத் தரைப்பக்கத்தால் வீசத் தொடங்கிவிட்டதால் எங்கள் பக்கக் கடல் இப்போது குளம் மாதிரிக் கிடக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. வெயில் ஏறுமுன் பிள்ளைகளைக் கரையில் விட்டால் சிப்பி பொறுக்கும். உயிரில்லாத வெறும் சிப்பி மட்டும் என்று முதலே சொல்லிவிட வேண்டும். சில சிப்பிகளின் தலையில் தானாகவே ஓட்டை விழுந்திருக்கும், அவற்றைத் தேடி எடுப்பதே ஒரு விளையாட்டு. கரையொதுங்கிய தடித்துண்டு ஒன்றில் வலை நூலால் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்குக் கலகலவென்று சத்தம் போடும். காற்று இருப்பதால் பனையோலைக் காற்றாடி நன்றாகச் சுற்றும். ஓலையைக் கிழித்து மடித்து, நடுவில் முள்ளால் குத்தி, ஈர்க்கில் பொருத்துவதற்குக் காசு எங்கே போகிறது. நொங்குக் காலம் வேறு. நொங்கைத் தின்றபின் இரண்டு கோம்பையை ஒரு தடியில் கோத்தால் வண்டி. பெரிய பிள்ளைகளாயிற்றே, இதை உருட்டுமா என்று நீ யோசிப்பாய். முதலில் சிரிக்கும், பிறகு யாராவது ஒன்று ஓட்டிக் காட்டினால் எல்லாம் வீதிக்குப் போகிற ஒழுங்கையில் பந்தயம் பிடிக்கும். பூவரசம் இலையைச் சுருட்டி ஊதுகிற பீப்பீயை மட்டும் கடைசிக்கு வை, இல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க எங்கள் காது எங்களுடையதாக இருக்காது.

போகும்போது கொடுப்பதற்குக் கடையில் விற்கிற அந்தச் சாமான் பைகள் வேண்டாம். ஒரு அழிறப்பர், இரண்டு ரொபி, ஊதினால் வெடிக்கிற பலூன், எல்லாம் ஒரு சொப்பிங் பைக்குள். அது வீடு போய்ச் சேருமுன் குப்பையாகிவிடும். தேங்காய்ச் சிரட்டைகளை நான் இப்போதே சேர்த்து வைக்கிறேன். பிள்ளைகள் மணல்தாளால் தேய்த்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஆளுக்கொரு மிளகாய்க் கன்று வைக்கட்டும். கன்று கௌரி வீட்டுத் தோட்டத்தில் இருக்கும். அந்தச் சிரட்டையையும், சிப்பித் தொங்கலையும், எங்கள் மரத்து மாம்பழம் ஒன்றையும் போட்டுக்கொண்டு போக ஒரு பை வேண்டும். அதுதான் முக்கியமான வேலை. பூவரசுக்கும் தென்னைக்கும் இடையில் அப்பா கயிறு கட்டி, அதில் ஆளுக்கொரு வலைப்பையைத் தொடக்கி வைப்பார். மிச்ச வரிசையைப் பிள்ளைகள் முடிச்சுப் போட்டு முடிக்கட்டும். நிறநிறமான தடித்த நூலும், வலைக் கண்ணுக்கு அளவு பிடிக்க ஐஸ்கிரீம் தடியும் போதும். பொறுமையில்லாத பிள்ளைகளுடையதை அப்பா முடித்துக் கொடுப்பார். நான் கேட்டபோது, "நான் என்ன பள்ளிக்கூட வாத்தியோ?" என்றார். அடுத்த நாள் பார்த்தால் நூலைக் கொண்டுவந்து நிறம் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

வலைப்பை என்றவுடன் உனக்குப் புத்தூர் நினைவு வந்திருக்கும். எனக்கும் அதுதான் வந்தது. உன்னுடைய பன்னிரண்டாவது பிறந்தநாள். அதை நீ நண்பர்களுக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாய், கௌரிக்கு மனப்பாடம், ஆரணிக்கும் தெரியும். ஆனால் நீ சொல்லும் கதை எப்போதும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இன்றைக்கு நான் முதலிலிருந்து சொல்கிறேன், நீ பேசாமல் இரு.

சண்டைக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடி வரும்போது உனக்குச் சரியாக நடை ஓடாது, பாதி வழி என் இடுப்பில்தான் வந்தாய். அப்பா பெட்டியை எடுப்பார் என்று நானும், நான் எடுப்பேன் என்று அவரும் நினைத்து, கடைசியில் காணி உறுதிப் பத்திரமும் நகையும் இருந்த பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. அவர் கையில் வந்தது ஒரு வலைக்கட்டும் பின்னுகிற ஊசியும். கடலே கண்ணுக்குத் தெரியாத புத்தூரில், ஒரு தோட்டக்காரரின் காணி மூலையில், மண் வீட்டில் இருந்துகொண்டு அந்த வலைக்கட்டைப் பார்த்து நான் எத்தனை தரம் அவரைத் திட்டியிருப்பேன். அவர் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய்விட்டு வந்து, பின்னேரத்தில் அந்த வலையின் கிழிசலைப் பொத்துவார். பொத்தி எங்கே போடப் போகிறார், கிணற்றுக்குள்ளா என்று கேட்பேன். அவர் ஊசியில் அடுத்த நூலைக் கோப்பார்.

புத்தூர்ச் சனம் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். காணி தந்தார்கள், கிணறு தந்தார்கள், அறுவடை நேரம் மரக்கறி வேலிப் படலைக்குள் வந்து விழும். ஆனால் ஒன்று இருந்தது. கடற்கரைச் சனத்தின் வீட்டில் கை நனைக்காத வீடுகளும் அந்த ஊரில் இருந்தன. யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வருவார்கள், படலையில் நின்று சுகம் விசாரிப்பார்கள், தேத்தண்ணி போடட்டா என்றால் "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்பார்கள். சிலர் உண்மையாகவே குடித்துவிட்டு வந்திருப்பார்கள். எது உண்மை, எது சாட்டு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால் நான் எல்லோரிடமும் கேட்பதையே விட்டுவிட்டேன். கேட்டால்தானே மாட்டம் என்பார்கள்.

அப்போதுதான் நீ பள்ளிக்கூடத்தால் வந்து, வகுப்புப் பிள்ளைகளைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டுவிட்டேன் என்று சொன்னாய். உன் கூட்டாளி கஜன் வீட்டில் கேக் வெட்டினார்களாம், நீயும் போய்த் தின்றாயாம், அதனால் நீயும் கூப்பிட்டாயாம். உனக்கு அதில் ஒரு கணக்கும் இல்லை. எனக்குத்தான் தலை சுற்றியது. பிள்ளைகள் வந்து, நான் சோறு போட, ஒன்று வயிறு சரியில்லை என்று சொல்ல, இன்னொன்று அம்மா பேசுவா என்று சொல்ல, நீ நடுவில் நின்று எல்லா முகத்தையும் பார்ப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. அப்படி ஒன்று நடக்கவே இடம் வைக்கக் கூடாது என்று இரவும் பகலும் யோசித்து, நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி ஒரு பிறந்தநாளைச் செய்தேன்.

அடுப்பே மூட்டவில்லை. உடைக்காத பிஸ்கற் பைக்கற், தோல் உரிக்காத வாழைப்பழம், மூடி திறக்காத சோடா, குடிப்பதற்குக் குழாய். எங்கள் பேணியில் யாரும் வாய் வைக்கத் தேவையில்லை, எங்கள் பீங்கானைத் தொடத் தேவையில்லை. வீட்டுக்குள் வரவே தேவையில்லை என்பதற்காகப் பாயை மாமரத்தின் கீழே போட்டேன். வெளியில் வைத்த பிறந்தநாள் என்று இன்றைக்கு நீ பெருமையாகச் சொல்வது அப்படித்தான் வந்தது. வெறுமனே எப்படி இருத்துவது என்று, அப்பாவின் வலைக்கட்டிலிருந்து நூலைப் பிரித்து, பிள்ளைகளுக்குப் பை பின்னக் காட்டச் சொன்னேன். அந்த நீல நூலை அவர் பிரித்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

வந்த பிள்ளைகள் அதில் விழுந்துபோய்விட்டார்கள், அது உனக்கும் நினைவிருக்கும். காலையில் தொடங்கியது, வெயில் உச்சிக்கு வந்தும் ஒன்றும் எழும்பவில்லை. தோட்டக்காரப் பிள்ளைகள், வெங்காயம் கட்டிப் பழகிய கை, முடிச்சு டக்கென்று பிடிபட்டுவிட்டது. அப்பாவுக்கு அன்றைக்குத்தான் புத்தூரில் வாய் திறந்தது என்று சொல்லலாம். "உப்பிடிப் பிடிச்சால் மீன் சிரிச்சுக்கொண்டு வெளியாலை போகும்" என்று ஒருவனுக்குச் சொல்ல, எல்லாம் உருண்டு சிரித்தன. ஒவ்வொரு பைக்குள்ளும் நான் கொய்யாப்பழம் போட்டுக் கொடுத்தேன். பிஸ்கற்றும் முடிந்தது, சோடாவும் முடிந்தது, பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டது, போகவோ மனமில்லை. நான் வெறும் அடுப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம்தான் கஜனின் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தா. மகனைக் கூட்டிக்கொண்டு போக வந்தவ, பாயையும் பைக்கற்றுகளையும் பார்த்தா, புகை இல்லாத அடுப்படியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"என்ன அக்கா, மத்தியானமாச்சு. அடுப்பு மூட்டேல்லையோ?"

"பிள்ளையளுக்கு ஏன் வீண் சங்கடம் எண்டு..." என்று நான் இழுத்தேன்.

அவவுக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. "நாங்கள் வாய் திறக்கமுன்னமே நீங்களே எங்களுக்காக மாட்டம் எண்டு சொல்லிப்போட்டியள், என்ன? என்ரை பிள்ளை உங்கடை வீட்டிலை சாப்பிடமாட்டான் எண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?"

அவ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து குந்திவிட்டா. "கடற்கரை ஆக்களின்ரை கூழ் திறம் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். எத்தினை வரியமாச்சு நீங்கள் இஞ்சை வந்து, ஒரு நாள் ஒரு வாய் தந்தனியளோ?" என்று என்னையே குற்றவாளி ஆக்கினா. பிறகு கஜனை வீட்டுக்கு ஓட்டி, காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவும் பயற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் எடுப்பித்தா. எங்கள் வீட்டில் இருந்தது காய்ந்த கூனி இறாலும் ஒரு துண்டுக் கருவாடும்தான். மா ஊறி வரும்வரை பிள்ளைகள் பலா இலை பறித்து, ஈர்க்குக் குத்தி, ஆளுக்கொரு கிண்ணம் தைத்தார்கள். இலை பொத்தலாகி ஒழுகுகிறவனுக்கு மற்றவன் தன்னுடையதைக் கொடுத்தான். மாமரத்தின் கீழே எல்லோரும் உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குடித்த அந்தக் கூழோடு நீ கதையை முடித்துவிடுவாய். நல்ல இடம்தான் அது, உன்னில் பிழை சொல்ல மாட்டேன்.

ஆனால் கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையின் தகப்பன் படலையில் வந்து நின்றார். பேர் வேண்டாம், அந்தப் பிள்ளையும் இன்றைக்குப் பிள்ளைகளின் தகப்பன். உள்ளே வரவில்லை. சத்தம் போடவும் இல்லை. "எழும்பி வா" என்றார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பாதி குடித்த இலையை மெதுவாக, சரியாமல், மண்ணில் வைத்துவிட்டுத் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அடுத்த நாள் காலையில் அந்தப் பை எங்கள் படலையில் தொங்கியது. கொய்யாப்பழம் போட்டது போட்டபடி உள்ளே இருந்தது.

நீ அதை எனக்கு முதல் பார்த்துவிட்டாய். நான் அடுப்படி ஓலைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் நின்றாய். பிறகு அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கழற்றி எடுத்து, பழத்தைப் பக்கத்து வளவு ஆட்டுக்குப் போட்டுவிட்டு, பையைக் களிசான் பொக்கற்றுக்குள் திணித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். அன்றைக்கு மத்தியானமும் இரவும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் நீ அழுவாய், நானும் அழுவேன், அப்பா நேரே அந்த வீட்டுக்குப் போவார் என்று இருந்துவிட்டேன். நாள் போகப்போக நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

போன தைப்பொங்கலுக்கு உங்கள் வீட்டில் நின்றபோது கௌரியின் குசினியில் உள்ளி எடுக்கப் போனேன். யன்னல் கம்பியில் ஒரு வலைப்பைக்குள் உள்ளி தொங்கியது. நிறம் வெளிறிப் போயிருந்தாலும் நீல நூல். வாயில் அப்பாவின் இரட்டை முடிச்சு, அதை நான் எங்கே கண்டாலும் பிடிப்பேன். "இது இவர் சின்னனிலை இருந்து வைச்சிருக்கிறாராம் மாமி, எறிய விடமாட்டார்" என்று கௌரி சொன்னாள். எனக்கு உள்ளியை உரிக்கிற சாட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வெங்காயத்துக்குத்தானே எரியும், உள்ளிக்குக் கண் எரியுமா மாமி என்று கேட்டாள், கெட்டிக்காரி.

அதனால்தான் உன் பெட்டிச் சாப்பாடு எனக்கு விளங்குகிறது, தம்பி. எனக்குக் கஸ்டம் என்று நீ சொன்னதில் பாதி உண்மை. முழங்கால் வலிப்பதும், குந்தினால் எழும்ப ஆள் தேவைப்படுவதும் உனக்குத் தெரியும். மற்றப் பாதியை நீ சொல்லவில்லை. வானில் வருகிற பிள்ளைகளில் ஒன்று கூழைப் பார்த்து முகத்தைச் சுளித்து, அதை ஆரணி பார்த்துவிடுவாளோ, நான் பார்த்துவிடுவேனோ என்று உனக்குப் பயம். ஆட்கள் வாய் திறக்குமுன் அவர்களுக்காக நீயே மாட்டம் என்று சொல்லிவைக்கிறாய். அதை நான்தான் உனக்குப் பழக்கியிருக்கிறேன், வேறு யாரும் இல்லை. அப்போது எனக்குக் கஜனின் அம்மா ஒருத்தி வந்து வாய்த்தா. உனக்கு உன் அம்மாதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலம் மாறிவிட்டது, இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. மாறியிருக்கிறது, இல்லாவிட்டால் உரும்பிராய்த் தோட்டக்காரரின் மகள் என்னை மாமி என்று கூப்பிட்டு என் சட்டியில் கையை விட்டு மீன் தலையை எடுப்பாளா. ஆனால் எல்லா வீட்டையும் நான் கண்டேனா. ஒரு பிள்ளை குடிக்காமல் இருக்கலாம். அது மரக்கறிப் பிள்ளையாக இருக்கலாம், உறைப்பு ஆகாததாக இருக்கலாம், வீட்டில் சொல்லிவிட்டதாகவும் இருக்கலாம். அதற்கு மாம்பழமும் நொங்கும் இருக்கிறது, போகும்போது அதற்கும் ஒரு பை இருக்கிறது. அந்தப் பை திரும்பி வந்தால் வரட்டும், கௌரிக்கு வெங்காயம் போட இன்னொன்று ஆயிற்று. ஒருவர் வேண்டாம் என்பாரோ என்று பயந்து மற்ற எல்லோரையும் வெறும் வயிற்றோடு அனுப்புகிற வேலையை நான் ஒருக்கால் செய்யப் பார்த்தேன். அன்றைக்கு என் வாசலில் நின்ற பிள்ளைகளின் பசி முகம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன இலையைவிட அந்த முகங்கள்தான் எனக்கு வலி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கௌரியோடு சண்டைக்குப் போகாதே. நீ போனை வைத்த கையோடு அவள் என்னோடு கதைக்கப் போன் எடுத்தாள். "மாமி, இவர் பெட்டிச் சாப்பாடு எண்டு நிக்கிறார். நீங்கள் கூழ் காய்ச்சுறியளோ இல்லையோ? என்ரை அம்மா ஒடியல் மா இடிச்சு வைச்சிட்டா, தானும் வாறன் எண்டு நிக்கிறா. ஆரணி வகுப்பு முழுக்கச் சொல்லிப்போட்டாள்." அவன் வேண்டாம் என்கிறானே என்றேன். "அவரை நீங்கள் பாருங்கோ, மாவை நான் பாக்கிறன்" என்றாள். பார் தம்பி, எல்லோரும் பசியோடு நிற்கிறார்கள், பயந்துகொண்டு நிற்பது நீ ஒருவன்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்பு மூட்டுவேன். வீட்டுக்குப் பின்னால் இல்லை, முற்றத்தில், எல்லோரும் காண. கஜனின் அம்மா இப்போது மகளோடு வவுனியாவில், இல்லாவிட்டால் அவவையும் கூப்பிட்டிருப்பேன். நண்டும் கணவாயும் இறாலும் அப்பா அன்று விடியக் கரையிலேயே எடுப்பார். பலா இலை எங்கள் வளவில் இல்லை, வரும்போது உங்கள் பக்கத்தில் பறித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வா. கிண்ணம் தைப்பதைப் பிள்ளைகளுக்கு நீயே காட்டு, அது உனக்கு நன்றாக வரும். நீ பெட்டிச் சாப்பாட்டுக்கு முற்பணம் கொடுத்திருந்தால் சங்கடப்படாதே, அந்தக் காசுக்கு வருகிற பெட்டிகளை வான் சாரதிக்கும் அப்பாவுக்கும் கொடுப்போம். அப்பாவுக்கு என் கைச் சமையலை விட்டு ஒரு நாளாவது கடைச் சாப்பாடு தின்ன வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

கடைசியாக ஒன்று. இத்தனை வருடமும் எனக்கு உறைக்காத ஒன்று, போன கிழமைதான் உறைத்தது. அன்றைக்குப் புத்தூரில் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பை பின்னிக் கொடுத்தோம். நூல் முடிந்துவிட்டது. பிறந்தநாள்காரனுக்கு ஒன்று வேண்டும் என்று அப்பாவுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை, நீயும் கேட்கவில்லை. உனக்குக் கிடைத்தது இன்னொருவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது மட்டும்தான். அதைத்தான் இவ்வளவு காலமும் வைத்திருக்கிறாய். நான் அப்பாவிடம் இதைச் சொன்னேன். நேற்றுப் பின்னேரம் பார்த்தால், பிள்ளைகளுக்குத் தொடக்கி வைத்த பைகளுக்கு அப்பால் தனியாக இருந்து, நீல நூலில் ஒன்றை முழுதாகப் பின்னி முடித்துவிட்டார்.

"உது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"பிறந்தநாள்காரனுக்கு" என்றார்.

அது அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து, கூழ் குடித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போ.

அம்மா